டெர்மினலுக்கு வரும் பார்வையற்றவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டளைகளை அடித்தே கணினியை இயக்கும் லினக்ஸ் டெர்மினலுக்கு வந்த மூன்றாம் வாரத்தில் ஒரு ஃபோல்டரையே காலி செய்தேன். பழைய பேக்கப் கோப்புகளை மட்டும் அழிக்க நினைத்து ஆர்எம், இடைவெளி, ஸ்டார், டாட், பிஏகே என்று அடித்தேன். அப்படித்தான் அடித்ததாக நினைத்தேன். ஸ்டாருக்கும் டாட்டுக்கும் நடுவே விரல் இன்னொரு இடைவெளியைத் தட்டியிருக்கிறது. ஸ்டார் தனியாக நின்றுவிட்டால் இந்த ஃபோல்டரில் உள்ள கோப்புகள் எல்லாம் என்று பொருளாகிவிடும். என்டருக்கு முன்னால், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரிடம் வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்கவும் செய்தேன். சரியாகத்தான் ஒலித்தது. இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

(கட்டளைகளை நம் காதில் விழுகிற மாதிரியே எழுதுகிறேன். அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தும் குறியும்தான்.)

அழிக்கும், நகர்த்தும் கட்டளைகளை முழு வரியாக மட்டும் கேட்டுவிட்டு என்டர் தட்டாதீர்கள். எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். லினக்ஸின் ஸ்கிரீன் ரீடர்களில் ஒன்றான ஸ்பீக்கப்பில் நம்பர் பேடின் 7, 8, 9 வரிகளுக்கு, 4, 5, 6 சொற்களுக்கு, 1, 2, 3 எழுத்துகளுக்கு. கடைசி வரிசையில் போனால் ஒவ்வொரு இடைவெளியும் தனியாகக் காதில் விழும். இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. ஆர்எம்முக்கு முன்னால், கொடுத்ததைத் திரையில் காட்ட மட்டும் செய்யும் எக்கோ கட்டளையைச் சேர்த்து ஓட்டுங்கள். எதுவும் அழியாது, எந்தெந்தக் கோப்புகள் சிக்கப்போகின்றன என்று பெயர்கள் மட்டும் வரும். நாலு பெயர் எதிர்பார்த்த இடத்தில் நாற்பது வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியைத் தட்டி, எக்கோவை எடுத்துவிட்டு ஓட்டலாம்.

இதோடு ஒட்டியது நிறுத்தற்குறி. கதை, கட்டுரை கேட்கும்போது குறிகள் காதை உறுத்தும் என்று பலர் அவற்றைக் குறைத்து வைத்திருப்போம். டெர்மினலில் அது ஆகாது. இங்கே ஒரு புள்ளியும் ஒரு ஸ்லாஷும்தான் விஷயமே. பெரிய எழுத்து, சின்ன எழுத்தும் அப்படியே. லினக்ஸுக்கு அவை வேறு வேறு கோப்புகள். குறிகள் எல்லாவற்றையும் சொல்லும்படி வைத்தால் முதல் சில நாள் தலைவலிதான், அப்புறம் பழகிவிடும்.

அடுத்தது மௌனம். கோப்பை நகலெடுக்கச் சொன்னால் விண்டோஸில் ஏதாவது ஒரு சத்தம், ஒரு பெட்டி வரும். டெர்மினலில் வேலை ஒழுங்காக முடிந்தால் பெரும்பாலும் பதிலே வராது. குரல் நின்றுவிட்டதோ என்று சந்தேகப்பட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டுகிறவர்கள் நிறைய. கேட்டே தெரிந்துகொள்ளலாம்: எக்கோ, இடைவெளி, டாலர் குறி, கேள்விக்குறி. சுழியம் என்று வந்தால் முந்தைய கட்டளை வெற்றி, வேறு எந்த எண் வந்தாலும் ஏதோ கோளாறு. நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் ஸூடோ, கடவுச்சொல் கேட்கும்போதும் இதே குழப்பம்தான். பெரும்பாலும் அடிப்பது எதுவும் திரையில் வராததால் ஸ்கிரீன் ரீடருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. விசைப்பலகை கெட்டுப்போகவில்லை, அடித்து முடித்து என்டர் தட்டுங்கள்.

நிஜமாகவே உறைந்துபோகும் நேரமும் உண்டு. விண்டோஸ் பழக்கத்தில் சேமிப்பதற்காகக் கன்ட்ரோல் எஸ் அடித்துவிடுவோம். டெர்மினலில் அது வெளியீட்டை நிறுத்தி வைக்கும் கட்டளை. அதன்பின் எதை அடித்தாலும் சத்தமே வராது. கன்ட்ரோல் க்யூ அடித்தால் நடுவில் அடித்ததெல்லாம் மொத்தமாக வந்து விழும். இது தெரியாமல் நான் கணினியை அணைத்துப் போட்டது ஒருமுறை இரண்டுமுறை இல்லை.

மௌனத்தைவிடப் பெரிய தொல்லை பேச்சு. புதிதாக வருகிறவர் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்பார். முந்நூறு கோப்புள்ள ஃபோல்டரில், பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டுவிட்டு முதல் பெயரிலிருந்து ஆரம்பிப்பார். கண் மேய்கிற மாதிரி காதால் மேய முடியாது. ஆகவே கேட்பதற்கு முன்பே குறைத்துவிட வேண்டும். எல்எஸ், பைப் குறி, டபிள்யூசி மைனஸ் எல் என்று போட்டால் எத்தனை வரி என்று மட்டும் வரும். பிறகு கிரெப் போட்டுத் தேவையானதை வடிகட்டலாம், அல்லது வெளியீட்டை ஒரு கோப்பில் போட்டு எடிட்டரில் திறந்து நிதானமாகத் தேடலாம். பதிவிறக்கம் செய்யும்போது வரும் சதவீதப் பட்டையும் உயிரை வாங்கும். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று ஓயாமல் ஒப்பிக்கும். பதிவிறக்கும் கட்டளைகளான கர்லுக்கு மைனஸ் எஸ், டபிள்யூகெட்டுக்கு மைனஸ் என்வி கொடுத்தால் வாயை மூடும்.

"அப்புறம் மேலே போய்ப் படித்துக்கொள்ளலாம்" என்றும் விட்டுவிடாதீர்கள். முன்பு கன்சோலில், அதாவது வரைகலை இல்லாத வெறும் எழுத்துத் திரையில், ஷிப்ட் பேஜ் அப் அழுத்தினால் ஓடிப்போன வரிகளுக்குத் திரும்பலாம். 2020இல் வந்த, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 5.9 பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதே 5.9இல்தான், வெகுகாலம் சோதனைப் பகுதியில் கிடந்த ஸ்பீக்கப்பைக் கர்னலின் முறையான பகுதிக்கு மாற்றினார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய மாதிரி! நீண்ட வேலைக்கு முன்னால் ஸ்கிரிப்ட் என்ற கட்டளையை ஓட்டுங்கள். வெளியேறும் வரை திரையில் வருவதெல்லாம் ஒரு கோப்பில் பதிவாகும்.

திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும் நிரல்களோடு ஆரம்பத்திலேயே மல்லுக்கட்டுவதும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாப் சில வினாடிக்கு ஒருமுறை திரையை மாற்றி எழுதும், கேட்பவருக்குப் பைத்தியம் பிடிக்கும். மைனஸ் பி, மைனஸ் என் ஒன்று சேர்த்தால் ஒரே தடவை அச்சிட்டுவிட்டு ஒதுங்கிவிடும். எடிட்டருக்கு நானோ போதும். வரிவரியாக வேலை செய்யும் பழைய ஈடி எடிட்டர் நம் காதுக்கென்றே செய்ததுபோல இருக்கும், கேட்ட வரியை மட்டும்தான் அது காட்டும். பார்வையற்ற நிரலாளர் கார்ல் டால்கே அதன் பாணியிலேயே எட்பிரௌஸ் என்ற உலாவியை எழுதினார். ஆனால் ஈடியில் ஒரு பொறி இருக்கிறது. தவறாக எதையாவது அடித்தால் அதன் பதில் ஒரே ஒரு கேள்விக்குறி. நிறுத்தற்குறிகளை அணைத்து வைத்திருந்தால் அதுவும் கேட்காது. பெரிய எழுத்து ஹெச் அடித்து என்டர் தட்டிவிட்டால் தவறுகளை வாக்கியமாகச் சொல்லும்.

கடைசியாக, எந்தக் குரல் எங்கே பேசும் என்பதில் வரும் குழப்பம். ஸ்பீக்கப் பேசுவது வெறும் கன்சோலில். வரைகலைத் திரைக்குள் திறக்கும் டெர்மினல் சாளரத்துக்கு ஓர்க்கா என்ற வேறு ஸ்கிரீன் ரீடர் வேண்டும். அங்கே போய் நம்பர் பேடைத் தட்டிவிட்டு ஸ்பீக்கப் செத்துவிட்டது என்று புலம்பிப் பயனில்லை. லினக்ஸை நிறுவ இன்னொருவர் கண்ணுக்காகக் காத்திருப்பதும் தேவையில்லாத தவறு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் நிறுவல் மெனு வந்ததும் எஸ் அடித்து என்டர் தட்டினால் பேச்சோடு நிறுவல் தொடங்கும், நிறுவி முடித்த கணினியும் பேசும்.

அப்படிப் பேசும் கணினியும் ஒருநாள் சவுண்டு கார்டு தகராறில் ஊமையாகும். அதற்குள், வேறு கணினியிலிருந்து இதன் டெர்மினலுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையை இயக்கி வைத்திருங்கள். பழகிய விண்டோஸ் கணினியில் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை வைத்துக்கொண்டு, அங்கிருந்தே உள்ளே நுழைந்து சரிசெய்யலாம். முதல் மாதம் முழுக்க அந்த வழியிலேயே டெர்மினலைப் பழகினாலும் தப்பில்லை, பலநாள் நான் அப்படித்தான் ஓட்டினேன்.