சயனோடைப்புக்கு ஏற்ற விளக்கு: என் அனுபவம்

சயனோடைப் என்பது, ரசாயனம் பூசிய தாளில் புற ஊதாக்கதிர் பட்டு நீலப் படம் உருவாகும் பழைய முறை. அதில் நாற்பது நிமிடம் ஒளி காட்டியும் தண்ணீரில் போட்டதும் படம் மொத்தமாகக் கரைந்து ஓடியது. வெளிர்நீலக் கறைதான் மிச்சம். தாளில் பூசும் ரசாயனமான ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் பழசாகிவிட்டதோ என்று புதுக் கரைசல் கலக்கினேன். அப்புறம் தாளை மாற்றினேன். நான்கு நாள் வீண்.

என்னை ஏமாற்றியது வெள்ளைச் சட்டை. புற ஊதாக்கதிர் தருவதாக விற்கும் கருநீலக் கண்ணாடி ‘பிளாக் லைட்’ குண்டு பல்பின் கீழே அது ஒளிர்ந்ததால், புற ஊதாக்கதிர் போதுமென்று நம்பிவிட்டேன். ஆனால் பல்பைத் தொட முடியாத சூடு, ஃபிலிம் நெகட்டிவே லேசாக நெளிந்திருந்தது. உள்ளே இருப்பது சாதாரண டங்ஸ்டன் இழை. மின்சாரம் பெரும்பாலும் வெப்பமாகத்தான் போகிறது. சட்டை ஒளிரக் கொஞ்சம் கதிர் போதும், சயனோடைப்புக்குப் போதாது.

சரி என்று 18 வாட் பி.எல். (பிளாக் லைட்) டியூப்கள் ஆறு வாங்கி நெருக்கமாக வரிசையாக மாட்டினேன். பார்க்க வழக்கமான வெள்ளை டியூப்லைட் மாதிரியே இருக்கும், அதனால் கடையில் கவனிக்காமல் கடந்துவிடுவோம். பிலிப்ஸ் டியூப் என்றால் வாட்டுக்குப் பக்கத்தில் ‘/10’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘/08’ என்பது கருநீலக் கண்ணாடி டியூப். அதுவும் வேலை செய்யும், விலைதான் கூடுதல்.

பன்னிரண்டு நிமிடத்தில் படத்தின் இருண்ட பகுதிகள் வெண்கலச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பின. கழுவியதும் அடர்நீலம் அப்படியே நின்றது. அப்பாடா!