உயர்தரப் பாடத்தைத் தெரிவுசெய்யுமுன் காரணத்தை எழுதிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வருமுன்னரே தனியார் கல்வி நிலையங்களில் உயர்தர வகுப்புகள் தொடங்கிவிடுவதால், பல பிள்ளைகளுக்குப் "பயோவா, மட்ஸா?" (உயிரியல் பிரிவா, கணிதப் பிரிவா) என்ற கேள்வி, நண்பர்களோடு சைக்கிளில் எந்த வகுப்புக்குப் போனார்களோ அங்கேயே முடிவாகிவிடுகிறது. அப்படி முடிவானவர்களும் பின்னர் கேட்டால் விருப்பம் என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே முதலில் ஒரு தாளில் உயர்தரத்துக்கு எடுக்கும் மூன்று பாடங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை ஏன் எடுக்கிறீர்கள் என்பதையும், அந்தக் காரணத்தை முதலில் யார் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். அம்மா, அண்ணா, வகுப்பாசிரியர், பக்கத்து வீட்டு மருத்துவ மாணவர் என்று எவர் பெயர் வந்தாலும் தவறில்லை. பெற்றோர் தமது ஆசையை மறைக்கவும் வேண்டியதில்லை. அது தமது ஆசை என்று வெளிப்படையாகச் சொன்னாற் போதும்.

அந்தத் தாளில் "புள்ளி எடுக்க இலகு" என்று இருந்தால் அதை முதலில் வெட்டிவிடுங்கள். பல்கலைக்கழக அனுமதி வெறும் புள்ளியால் அன்றி இசட் புள்ளியால் தீர்மானிக்கப்படுகிறது: நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவால்) வகுத்து, மூன்று பாடங்களுக்கும் வருவதன் சராசரியை எடுக்கிறார்கள். எல்லோரும் நிறையப் புள்ளி பெறும் பாடத்தில் உங்கள் 80 அதிகம் உயர்த்தித் தராது.

அடுத்து, தெரிவு எந்தக் கதவை மூடுகிறது என்று பாருங்கள். உயிரியலோடும் இரசாயனவியலோடும் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுப்பவர் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இரசாயனவியலை விட்டுத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுக்கும் கணிதப் பிரிவு மாணவருக்குப் பொறியியற் பீடம் கிடைக்காது. இதை இரண்டாம் வருடத்தில் அறிந்து கலங்கும் பிள்ளைகளை நினைத்தே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் வேண்டிய பாடங்கள் உள்ளன. கலைப்பிரிவையும் 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவையும் மிஞ்சியவர்களுக்கு உரியவையாகக் கருதும் பழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் கிளிநொச்சியில் இயங்குவதையாவது அத்தகையோர் நினைவில் கொள்ளட்டும்.

விருப்பத்தைச் சோதிக்க, பாடசாலை நூலகத்தில் அப்பாடத்தின் கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து, விடை தெரியாவிட்டாலும் கட்டுரை வினாக்களை முழுவதும் வாசியுங்கள். அறிய வேண்டும் என்ற துடிப்பு எழுகிறதா, பக்கத்தைப் புரட்டத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். அப்பாடத்தை இப்போது படிக்கும், முதலிடம் பெறாத ஒரு மாணவரிடமும் பேசுங்கள். அன்றாட உழைப்பு எவ்வளவு என்பதை அவரால் சரியாகச் சொல்ல முடியும்.

தொடங்கிய பின் பாடம் ஒவ்வவில்லையென்றால் முதற் தவணைக்குள்ளேயே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பிந்தினால் மற்றவர்கள் கடந்துவிட்ட அலகுகளைத் தனியே படித்து முடிக்க நேரும்.