மலைக்குச் சுகாதார வேலைக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருஷா வருஷம் ஜூன், ஜூலையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் புது ஆட்கள் வந்து இறங்குவார்கள். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்கள், சைக்காலஜி முடித்தவர்கள், ஆறு மாத ப்ராஜெக்டுக்கு வருகிறவர்கள். சர்க்கரை, பிரஷர், புகையிலை, ரத்தசோகை என்று தலைப்பு எதுவானாலும் வேலை ஒன்றுதான்: மக்களின் பழக்கத்தை மாற்றுவது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் நாங்கள் வந்த புதிதில் என்னென்ன சொதப்பினோமோ, அதையே வரிசை மாறாமல் சொதப்புகிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பி.பி. மெஷினுக்குப் பேட்டரி போடாமல் போவது, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பது போன்றவற்றை எழுதப் போவதில்லை. அதையெல்லாம் இரண்டாவது வாரத்தில் மலையே சொல்லிக் கொடுத்துவிடும்.

தெரியாததால்தான் செய்யவில்லை என்று நினைப்பது

எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று, சர்க்கரைக்கு என்ன செய்யணும் என்று கேட்டுப் பாருங்கள். "சீனி கொறைக்கணும், நடக்கணும், மாத்திரைய விடக் கூடாது, காலப் பாத்துக்கணும்." மூச்சு விடாமல் சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அறிவுரையும் கூடவே வருகிறது. அதையே நீங்கள் மறுபடி சார்ட்டில் வரைந்து கொண்டு போனால், மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

லண்டனில் சூசன் மிக்கியும் அவருடன் வேலை செய்தவர்களும் 2011-ல் ஒரு சட்டகம் கொடுத்தார்கள். ஒரு செயல் நடக்க திறன், வாய்ப்பு, உந்துதல் மூன்றும் வேண்டும் என்பது அதன் சாரம். இதில் புது ஆட்கள் எப்போதும் கோட்டை விடுவது நடுவில் உள்ளதை. கொழுந்து பறிக்கிற பெண்களிடம் ஒரு பயிற்சியாளர் "நிறையத் தண்ணி குடிங்க, நீர்க்கடுப்பு வராது" என்று அரை மணி நேரம் பேசினார். தேயிலைக் காட்டில் கக்கூஸ் கிடையாது. காலையில் மலை ஏறினால் சாயங்காலம்தான் வீடு. தண்ணீர் குடிக்காமல் இருப்பது அவர்கள் யோசித்து எடுத்த முடிவு. அதை அறியாமை என்று எழுதி ரிப்போர்ட்டும் கொடுத்தார்.

மனசை உலுக்கிவிட்டு, வழி சொல்லாமல் வருவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிற தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சைக்காலஜி முடித்து வந்த ஒரு தம்பி. குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சாயங்காலம் ஸ்கிரீன் கட்டி, சர்க்கரைப் புண் வந்த கால்களின் படங்களைக் காட்டினார். விரல் எடுத்த கால், முழங்காலுக்குக் கீழே எடுத்த கால். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஒரு பாட்டி அழுதே விட்டார். முடிந்ததும் கொடுத்த படிவத்தில் "ரத்தப் பரிசோதனைக்கு வருவீர்களா?" என்ற கேள்விக்கு எல்லோரும் ஆம் என்று டிக் அடித்தார்கள். அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு முகாம். பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

இதுவரைக்கும் நடந்தது யாருக்கும் நடக்கும். அதற்கு மேல் அவர் செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "இவங்களுக்கு பயம் பத்தலைங்க" என்று சொல்லி, அடுத்த லைனுக்கு இன்னும் கோரமான படங்களைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். மருந்து வேலை செய்யவில்லை என்றதும் டோஸைக் கூட்டிவிட்டார். நோயே வேறா என்று பார்க்கவில்லை.

பயத்தைக் கூட்டினால் ஆட்கள் வருவார்களா என்ற கேள்விக்கு அறுபது வருஷத்துக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. 1965-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லெவந்தால், சிங்கர், ஜோன்ஸ் மூவரும் மாணவர்களை டெட்டனஸ் ஊசி போட வைக்க ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு மிகவும் பயமூட்டும் கையேடு, சிலருக்கு மிதமான கையேடு. அதிகம் பயந்தவர்கள் "கட்டாயம் போட்டுக்கொள்வோம்" என்று அதிகம் சொன்னார்கள். போய்ப் போட்டுக்கொண்டதில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வந்தது வேறு இடத்தில். ஒரு பகுதியினருக்குக் கையேட்டோடு, சுகாதார மையத்தைக் குறித்துக் காட்டிய வளாக வரைபடத்தைக் கொடுத்து, எந்த நேரத்தில் போவது என்றும் யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் சுமார் 28% பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அது கிடைக்காதவர்களில் சுமார் 3%. இத்தனைக்கும் அந்த மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாத மாணவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அதே சமயம், கையேடு எதுவும் படிக்காமல் வழியை மட்டும் கேட்டுக்கொண்டவர்கள் யாரும் போகவில்லை. ஆகவே அக்கறை கொஞ்சமாவது மனசில் விழுந்திருக்க வேண்டும்தான். விழுந்த பிறகு அதைக் கூட்டிக்கொண்டே போவதில் பயன் இல்லை.

2002-ல் இங்கிலாந்தில் மில்ன், ஆர்பெல், ஷீரன் செய்த ஆய்வு இன்னும் பளிச்சென்று இருக்கும். ஒன்றும் சொல்லாத குழுவில் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் 38%. இதய நோய் பற்றிப் படிக்க வைத்து ஊக்கப்படுத்திய குழுவில் 35%. அதே ஊக்கத்தோடு "எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே" என்று எழுதவும் வைத்த குழுவில் 91%. கல்லூரி மாணவர்கள், ஒரு வாரக் கணக்கு, அவர்களே சொன்ன விவரம். அதனால் 91 என்ற எண்ணை அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நடுவில் உள்ள 35-ஐப் பாருங்கள், போதும். வெப், ஷீரன் இருவரும் 2006-ல் 47 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே கதைதான். எண்ணத்தை நன்றாகவே மாற்ற முடிகிறது. செயலில் அதில் பாதி அளவுக்குத்தான் மாற்றம் வந்து சேர்கிறது.

நஷ்டம் காலி நாற்காலியோடு முடிவதில்லை. பிறகு அதே லைனில் ஒரு அக்காவிடம் பேசியபோது அவர் சொன்னது: "அந்தக் காலப் பாத்ததுலேர்ந்து எனக்கு சுகர் இருக்கா இல்லையான்னு தெரியவே வேணாம்னு இருக்கு." பயம் இருந்து, அதற்கு என்ன செய்வது என்ற வழி கையில் இல்லாவிட்டால், மனுஷன் ஆபத்தைச் சமாளிக்க மாட்டான், பயத்தைத்தான் சமாளிப்பான். பயமூட்டும் பிரசாரங்களை ஆராய்ந்த கிம் விட்டே 1992-ல் இதைத்தான் எழுதினார். படத்தைப் பார்க்காதவர்களை அடுத்த மாதம் போய்க் கூப்பிடலாம். பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களை மறுபடி பேச்சுக்குக் கொண்டுவர எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

சரி, என்னதான் செய்வது? கேளுங்கள், பதில் கிடைத்ததும் நிறுத்தாமல் இன்னும் கேளுங்கள்.

"எப்பக்கா டெஸ்டுக்கு வர்றீங்க?"

"வர்றேன் கண்ணு."

"எந்தக் கெழம?"

"லீவு நாள்ல வர்றேன்."

"ஞாயித்துக்கெழம லேப் இருக்காதேக்கா."

"அப்ப சம்பளத்துக்கு மறுநா டவுனுக்குப் போவேன்ல, அன்னிக்கு."

"எந்த பஸ்ஸு?"

"ஒம்பதே கால் பஸ்ஸு... ஆமா, வெறும் வயித்துல வரணும்னாங்களே, டீ கூட குடிக்கக் கூடாதா?"

பாருங்கள், மூன்றாவது கேள்விக்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விடியற்காலைக் குளிரில் ஒரு டம்ளர் பிளேன் டீ இல்லாமல் அந்த அம்மாவால் அடுப்பங்கரையை விட்டு வெளியே வர முடியாது. முதல் சோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை, எப்போது வேண்டுமானாலும் விரலில் குத்திப் பார்க்கலாம், அளவு கூடியிருந்தால்தான் அடுத்தது என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. எத்தனை கால் படம் காட்டியிருந்தாலும் இந்த டீ வெளியே வந்திருக்காது.

மாத்திரையும் இப்படித்தான். "சாப்பிட்டதும் போடுங்க" என்றால் வீட்டில் மாத்திரை இருக்கும், சாப்பாடு காட்டில் நடக்கும். அட்டையில் பாதியைக் கத்தரித்துத் தூக்குப்போசிப் பையில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். போசியைத் திறக்கும்போது மாத்திரை கண்ணில் படும்.

21 நாள் கணக்கு

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லேலி குழு 96 பேரைக் கவனித்ததில், ஒரு பழக்கம் தானாக வருவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆனது. வீச்சு 18 முதல் 254 வரை. இருபத்திரண்டாம் நாள் மறந்துபோன ஆள் "எனக்கு வராதுங்க" என்று விட்டுவிடுவார். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. சொல்வதானால் அதைச் சொல்லுங்கள்.

"யாருமே செய்யறதில்லை" என்று போர்டு வைப்பது

"நம் பகுதியில் பாதிப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்!" என்று ஒரு பேனர். படிக்கிறவர் "அப்ப நான் மட்டும் இல்ல" என்று நிம்மதியாகப் போவார். அரிசோனாவில் உள்ள பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் உளவியலாளர் சியால்டினி இதைச் சோதித்துப் பார்த்தார். கல்லான மரத்துண்டுகளை நிறையப் பேர் எடுத்துப்போகிறார்கள் என்று வருத்தப்பட்ட பலகை வைத்த இடத்தில் கிட்டத்தட்ட 8% துண்டுகள் திருடு போயின. எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகை இருந்த இடத்தில் 2%-க்கும் கீழே.

ஆளைப் படிநிலையில் உட்கார வைப்பது

பழக்கத்தை மாற்றுவதில் ஆள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பிரிக்கிற புரோச்சாஸ்கா, டிகிளமென்டேயின் படிநிலைகள் பரீட்சைக்கு நல்லது. காலையில் ஒரு படியில் இருப்பவர் சம்பள நாள் சாயங்காலம் வேறு படியில் இருப்பார்.

பழக்கம் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்காதது

கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையைப் பிரித்துப் பாருங்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. அந்தப் புகையிலை பசியை மட்டுப்படுத்துகிறது, குளிரில் வாயைச் சூடாக வைக்கிறது, மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறினால் தேய்க்கவும் அதுதான். பக்கத்து வரிசைக்காரியோடு ரெண்டு நிமிஷம் நின்று பேசுவதற்கும் அதுவே சாக்கு. "புகையிலையை விடுங்க, கேன்சர் வரும்" என்றால் இத்தனையையும் ஒரே நாளில் விடச் சொல்கிறீர்கள். முதலில் அட்டைக்கு ஒரு உப்புப் பொட்டணம் கொடுங்கள், புகையிலை சும்மாவேனும் பையில் இருக்க வேண்டிய காரணம் ஒன்று குறையும். பசிக்கும் பேச்சுக்கும் அவர்களே வழி சொல்வார்கள், கேட்டால்.

கேட்காமல் வாதாடினால் அவர்கள் தங்கள் பழக்கத்துக்கு வக்கீலாகிவிடுவார்கள். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் குடிநோயாளிகளை வைத்து இதை எழுதினார். மாறுவதற்கான காரணம் மாற வேண்டியவர் வாயிலிருந்து வர வேண்டும். நம் வாயிலிருந்து வந்தால், எதிர்க்காரணம் அவர் வாயிலிருந்து வரும்.

பதிலை அப்படியே எழுதிக்கொள்வது

"தினமும் மாத்திரை போடறீங்களா?" ஆமாம் என்பார்கள். வீடு தேடி வந்த பிள்ளையிடம் இல்லை என்று சொல்வார்களா? "போன வாரத்துல எந்த நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள்.

முகாமை நம் வசதிக்கு வைப்பது

பத்து மணி என்பது ஆபீஸ் நேரம். பத்து மணிக்கு வேலையை விட்டு வந்தால் அடிப்படை எடைக்கு மேல் பறிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் தனிக்காசு போய்விடும். ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கம் பொருளாதார ஆய்வாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ குழு செய்த ஆய்வு 2010-ல் வந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுமையாகப் போட்டது வழக்கமான கிராமங்களில் 6%. நம்பகமான முகாம் மாதா மாதம் ஊருக்கே வந்தபோது 18%. அதோடு ஊசிக்கு ஒரு கிலோ பருப்பும் கொடுத்தபோது 39%. பருப்புக்கு நம்மிடம் பட்ஜெட் இல்லை, இருக்கப்போவதும் இல்லை. இடத்தை மாற்றப் பணம் வேண்டாமே.

சாயங்காலம் இலை எடை போடும் இடத்துக்குப் போங்கள். எல்லோரும் அங்கே வரிசையில்தான் நிற்பார்கள். முதல் நாளே மேஸ்திரியிடம் சொல்லிவையுங்கள், எடை முடிந்தவர்கள் உங்கள் பக்கம் வரட்டும். சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் டப்பாவை ஒவ்வொரு முறையும் உடனே மூடுங்கள், ஈரக்காற்று பட்டால் ரீடிங் தப்பும். ஒரு பிளாஸ்க் வெந்நீர் எடுத்துப்போங்கள். குளிரில் விறைத்த விரலில் குத்தினால் ரத்தம் வராது. கையை நனைத்துச் சூடாக்கி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.