கொடுங்கோலர்களின் தேசிய அடையாளத்தை ஆராய்ந்து எழுதும் முறை

ஹிட்லர் ஆஸ்திரியர், ஸ்டாலின் ஜார்ஜியர் என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிடுவது பொது அறிவு நூல்களின் வழக்கம். அவர்கள் தம்மை யாராகக் கருதினார்கள் என்று எழுத முற்படுபவர், பிறந்த மண், சட்டப்படியான குடியுரிமை, பேசிய மொழி, தம்மைப் பற்றித் தாமே சொன்னது ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொரு சான்றுக்கும் ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதிகாரத்துக்கு வந்தபின் தம் இளமைக் காலத்தையே மாற்றிச் சொன்னவர்கள் இவர்கள் என்பதால், ஆண்டு தெரியாத சான்றை ஒதுக்கிவிடுவதே நல்லது. ஸ்டாலின் பிறந்த ஆண்டு அவருடைய சொந்த ஊரான கோரி நகரத் தேவாலயப் பதிவேட்டில் 1878 என்றும், சோவியத் அரசு கொண்டாடிய கணக்கில் 1879 என்றும் இருக்கிறது.

ஆவணம் எளிதில் கிடைக்கும் சட்டநிலையிலிருந்து தொடங்குங்கள். 1889இல் ஆஸ்திரியாவின் பிரவுனாவ் ஊரில் பிறந்த ஹிட்லர், ஆஸ்திரியக் குடிமகனாக இருந்துகொண்டே 1914இல் ஜெர்மனியின் பவேரியப் படையில் சேர்ந்தார்; 1925இல் அந்தக் குடியுரிமையைத் துறந்து, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்தார். அதிபர் தேர்தலில் நிற்கும் தேவை வந்த 1932 பிப்ரவரியில், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் மாநில அரசு அவருக்கு ஒரு பதவி அளித்ததன் வழியாகவே ஜெர்மானியக் குடிமகனானார். உணர்வால் தம்மை ஜெர்மானியராகவே கருதியவரைச் சட்டம் அவ்வாறு ஏற்க இத்தனை காலம் ஆயிற்று என்பதைக் கட்டுரையில் விட்டுவிடக் கூடாது.

ஸ்டாலினிடம் சட்டத்தைவிட மொழியும் செயலும் அதிகம் பேசுகின்றன. தாய்மொழி ஜார்ஜியம், ரஷ்ய மொழியைச் சிறுவயதில் கற்றாலும் ஜார்ஜிய உச்சரிப்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. 1895இல், ஜார்ஜியத் தலைநகரான திபிலிசியில் இறையியல் பள்ளி மாணவராக இருந்தபோது, அவருடைய ஜார்ஜியக் கவிதைகள் ‘இவேரியா’ இதழில் வெளிவந்தன. ஆனால் 1921இல் செம்படை ஜார்ஜியாவுக்குள் புகுந்து அதன் சுதந்திர அரசைக் கவிழ்த்தபோது அதற்குத் துணைநின்றவர்களில் அவரும் ஒருவர். 1945 மே 24 அன்று படைத்தலைவர்களுக்கு அளித்த கிரெம்ளின் விருந்தில், சோவியத் ஒன்றியத்தின் தலையாய இனம் என்று ரஷ்ய மக்களைப் புகழ்ந்து மதுக்கிண்ணம் உயர்த்தினார். அவரோ தம் தாய்க்கு ஜார்ஜிய மொழியிலேயே கடிதம் எழுதிவந்தவர். ஆகவே ஒரு கூற்றைப் படிக்கும்போது, அது யாருக்காக, எந்த அவையில் சொல்லப்பட்டது என்று கேளுங்கள். தாய்க்கு எழுதிய கடிதத்தையும் படைத்தலைவர்கள் முன் ஆற்றிய உரையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பெரும் பிழை.

உடன் இருந்தவர்களின் சாட்சியத்தையும் தேடுங்கள். 1922 டிசம்பர் இறுதியில், ஜார்ஜியாவைச் சோவியத் ஒன்றியத்தில் எவ்வாறு இணைப்பது என்ற பிரச்சினையை முன்வைத்து லெனின் சொல்லி எழுதுவித்த குறிப்பில், ரஷ்யமயமான பிற இனத்தவர் ரஷ்யரைவிட மிகையான ரஷ்யப் பற்றைக் காட்டுவர் என்ற கண்டனம் இருக்கிறது. இது கூர்மையான கவனிப்பு. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, அயலானாக இருந்ததே ஸ்டாலினுடைய கொடுமைக்குக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். 1937, 1938ஆம் ஆண்டுகளின் மரண தண்டனைப் பட்டியல்களில் ஸ்டாலினோடு கையொப்பமிட்ட, அப்போதைய சோவியத் பிரதமர் மோலட்டோவ் ரஷ்யர். பிறப்பைக் கொண்டு கொடுமையை விளக்குவது, கொல்லப்பட்ட இலட்சக்கணக்கானவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பிற்காலத்தார் உரிமை கொண்டாடுவதைத் தனிப் பகுதியாக வையுங்கள். 1956 மார்ச்சில், ஸ்டாலினுக்குப் பின் சோவியத் தலைவரான குருசேவ் அவரைக் கண்டித்ததை எதிர்த்துத் திபிலிசியில் மக்கள் திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். அதே ஜார்ஜியாவில் 2010 ஜூனில் கோரி நகரச் சதுக்கத்திலிருந்து அவருடைய சிலை அகற்றப்பட்டது. இவை அந்தந்தக் கால ஜார்ஜியரின் மனநிலைக்குச் சான்றுகள். ஸ்டாலின் தம்மைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்குச் சான்றுகளாக இவற்றைக் காட்டக் கூடாது.