விமானம் ஏன் பாதியில் ஏறுவதை நிறுத்துகிறது? டொங்காட் கொல்லைப்புறத்திலிருந்து ஒரு செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால், பக்கத்திலுள்ள டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் கடற்கரை ஓரமாக ஏறுவது தெரியும். அண்ணன் மகன் ஒரு நாள் கேட்டான்: "சித்தப்பா, ஏறிட்டே போனது நடுவுல கொஞ்ச நேரம் ஏறாம நேரா போகுதே, பெட்ரோல் மிச்சம் பண்றாங்களா?"

மிச்சமில்லை, செலவுதான். பிறகு ஏன் என்பதை நீங்களே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு போன், ஃபிளைட்ரேடார்24 போன்ற ஒரு செயலி, அரை மணி நேரம் போதும்.

படி 1: காற்று எந்தப் பக்கம்?

விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், இறங்கும். டர்பனில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும், இல்லாவிட்டால் தென்மேற்கிலிருந்து. இங்கே இருப்பது ஒரே ஓடுபாதை; ஒரு முனைக்குப் பெயர் 06, மறுமுனைக்கு 24. அதாவது திசைகாட்டியில் சுமார் 60 பாகை, 240 பாகை. வரைபடத்தில் அளந்தால் கணக்கு உதைக்கும், பயப்படாதீர்கள். நம் ஊரில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து ஏறக்குறைய 25 பாகை மேற்கே விலகி நிற்கிறது. ஓடுபாதையின் எண் ஊசி சொல்வது.

வடகிழக்குக் காற்று என்றால் விமானங்கள் வடகிழக்கே உள்ள பாலிட்டோ ஊர்ப் பக்கம் பார்த்துக் கிளம்பும்.

படி 2: வளைவைக் கவனியுங்கள்

செயலியில் ஜொஹன்னஸ்பர்க் போகும் ஒரு விமானத்தைத் தொட்டு, அதன் தடத்தைப் பாருங்கள். அடுத்ததையும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரி உள்நாட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். விமானி தன் இஷ்டத்துக்குத் திரும்புவதில்லை. அச்சிட்ட வழி ஒன்று உண்டு, எஸ்.ஐ.டி. என்பார்கள். எங்கே திரும்ப வேண்டும், எந்தப் புள்ளியைத் தொட வேண்டும், எந்த உயரத்தில் நிற்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். தைப்பூசக் காவடிக்குப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர வேறு வாசல். ஒரே வாசலில் இரண்டு கூட்டத்தையும் விட்டால் என்ன ஆகும்?

படி 3: ஏறும் வேகம்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். செயலியில் உயரத்தையும், நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறுகிறது என்பதையும் பாருங்கள் (சிலவற்றில் இது காசு கொடுத்தால்தான் தெரியும், அப்படியானால் உயரத்தை மட்டும் பத்து வினாடிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள்). 2500, 3000 என்று ஏறிக்கொண்டிருந்தது திடீரென்று 1000 ஆகி, பிறகு பூஜ்யத்தில் நிற்கும். அங்கே தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டாளர் 'இதற்கு மேல் இப்போது வேண்டாம்' என்று நிறுத்தி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். மேலே குறுக்கே யாரோ இருக்கலாம்.

இரண்டு விமானங்களுக்கு இடையே உயரத்தில் 1000 அடி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பக்கவாட்டில் இடைவெளி வேண்டும்: ரேடார் வசதியைப் பொறுத்து 3 அல்லது 5 கடல் மைல். 5 கடல் மைல் என்றால் 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

சரி, 6000 அடியில் நிற்க வேண்டிய விமானம் நிமிடத்துக்கு 3000 அடி ஏறுகிறது. மேலே 7000இல் இன்னொன்று நெருங்குகிறது. விமானத்திலிருக்கும் டிகாஸ் என்ற மோதல் தடுப்புக் கருவிக்கு 'இவர் 6000இல் நிற்கப் போகிறார்' என்று தெரியாது. விமானம் 5750 அடியில் இருக்கும்போது, வினாடிக்கு 50 அடி, 7000க்கு மிச்சம் 1250 அடி, 25 வினாடியில் மோதல் என்று கணக்குப் போட்டு அலறிவிடும். அதனால்தான் கடைசி 1000 அடியில் ஏறும் வேகத்தை 1500க்குக் கீழே குறைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் பார்த்த அந்த 1000 இதுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. செயலி காட்டும் உயரம் வழக்கமாக 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற பொதுக் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டது. விமானி கீழே இருக்கும்போது அன்றைய உள்ளூர் அழுத்தத்தை வைத்திருப்பார். அழுத்தம் 1023 ஆக இருக்கும் நாளில், 6000இல் நிற்கும் விமானம் உங்களுக்கு 5700 சொச்சம் என்று தெரியும். விமானி தவறவில்லை.

படி 4: நிற்காவிட்டால்?

1996 நவம்பர் 12. டில்லியிலிருந்து கிளம்பிய சவூதி போயிங் 747ஐ 14,000 அடியில் நிறுத்தியிருந்தார்கள். எதிரே இறங்கி வந்த கஜகஸ்தான் விமானம் 15,000இல் நின்றிருக்க வேண்டும். அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே மோதி 349 பேரும் இறந்தார்கள். அன்று அங்கே பயணிகள் விமானங்கள் வரவும் போகவும் ஒரே வழி. கட்டுப்பாட்டாளரின் ரேடாரில் உயரம் தெரியாது, விமானி வாயால் சொல்வதுதான் கணக்கு. அதற்குப் பிறகுதான் வழிகளைப் பிரித்தார்கள், டிகாஸ் இல்லாமல் வரக்கூடாது என்றார்கள்.

டிகாஸ் 'ஏறு' என்று சொல்லி, கட்டுப்பாட்டாளர் 'இறங்கு' என்றால்? டிகாஸ் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே ஒரு விமானம் கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கியது, மற்றது டிகாஸ் சொன்னபடி இறங்கியது. 71 பேர் போனார்கள்.

படி 5: ஐந்து விமானங்கள்

இப்போது நோட்டில் எழுதுங்கள்: எந்த முனையிலிருந்து கிளம்பியது, எங்கே திரும்பியது, எந்த உயரத்தில் நின்றது, எவ்வளவு நேரம், அப்போது பக்கத்தில் யார். ஒன்று நிற்காமலேயே ஏறிப்போனால் அதையும் எழுதுங்கள்; மேலே வழி காலியாக இருந்திருக்கும். டர்பனிலேயே உள்ள வர்ஜீனியா விமானத் தளத்தின் சின்ன விமானங்கள் செயலியில் எப்போதும் தெரியாது, அதையும் மனதில் வையுங்கள்.

திரையில் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் உடனே உயரத்தைத் தொட்டுப் பாருங்கள். முதல் நாளே அண்ணன் மகன் "மோதிடுச்சு!" என்று கத்தி, அண்ணி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். ஒன்று 7000இல் இருந்தது, இன்னொன்று 12,000இல்.