பென்ரித்தில் இட்லி தேடிய மூன்று வாரம்

சிட்னி மையத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது பென்ரித். அங்கே குடிவந்த நாள்முதல் எந்தக் கடையில் எதைக் கேட்டாலும் ஆரஞ்சு நிறக் குழம்பு, மேலே ஒரு கிரீம் கோடு. ஓரிடத்தில் சாம்பார்கூட இனித்தது.

முதலில் நட்சத்திர மதிப்பெண்களை நம்பினேன், வீண். அடுத்து இந்தியக் கடைகள் நிறைந்த ஹாரிஸ் பார்க் பகுதி. சாட் வகைகள் அருமைதான், ஆனால் நான் அலைந்தது இட்லிக்காக.

கோளாறு நான் தேடிய சொல்லில் இருந்தது. வரைபடத்தில் ‘இந்திய உணவகம்’ என்பதை விட்டுவிட்டு ‘இலங்கை மளிகை’ என்று தேடியதும் பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக வந்தன. பென்ரித் ரயில்கள் பல பெண்டில் ஹில்லில் நிற்காமல் பாய்ந்துவிடும். பிளாக்டவுனில் மாற வேண்டும். தினமும் அந்த ஊரைக் கடந்தும் கண்ணில் படாத காரணம் இதுதான்.

கடைக்குள் போனதும் அரிசி மூட்டைகளைத் தாண்டிக் கல்லாவின் பக்கம் பாருங்கள். ஆவி படிந்த கண்ணாடிப் பெட்டியில் ரோல்ஸ், உளுந்து வடை. குளிர்பெட்டியில் இடியப்பம், முடிச்சிட்ட பையில் சொதி. மாவு டப்பாவின் மூடி லேசாக உப்பியிருந்தால் அதையே எடுங்கள். மாவு புளித்திருக்கிறது என்று பொருள். தட்டையான மூடியை நம்பி ஒருமுறை கல் போன்ற இட்லி தின்றேன். சனிக்கிழமை முற்பகலில் போய்விடுங்கள். நான்கு மணிக்குப் போனபோது பெட்டியில் கறிவேப்பிலைதான் மிச்சம்.