கைடைத் தேர்ந்தெடுக்கும் முன்: ஒரு பேராசிரியரை அறிந்துகொள்ளும் வழிகள்

முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்பும் மாணவர்கள் தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் மாதக்கணக்கில் படிக்கிறார்கள். ஆனால் அடுத்த பல ஆண்டுகள் தம் எழுத்தைப் படித்துத் திருத்திக் கையெழுத்திடப்போகும் நெறியாளரை, துறையின் இணையப் பக்கத்தில் உள்ள பதவிப் பட்டியலைப் பார்த்தோ, ஊரில் யாரோ சொன்ன ஒரு பெயரைக் கேட்டோ, ஒரே மாலையில் முடிவு செய்துவிடுகிறார்கள். தம்மைப் பற்றிப் பேராசிரியர் எழுதிவைத்திருப்பதைவிட, அவரிடம் ஆய்வு முடித்தவர்கள் விட்டுச்சென்ற ஆவணங்களே அவரைச் சரியாகக் காட்டும் என்பது என் எண்ணம். அந்த ஆவணங்கள் எங்கே கிடைக்கும், அவற்றை எப்படிப் படிக்க வேண்டும், படித்த பின் அவரை எப்படி அணுக வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவரிடம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகளின்படி, ஒரே காலத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் பிஎச்.டி. நெறியாளராக இருக்க முடியாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் இந்த எண்ணிக்கைக்கு மேல் இரண்டு இடங்கள் உண்டு. எனவே புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர் உங்களுக்கு மறுமொழி எழுதவில்லையென்றால் அவருக்கு உங்கள் மீது மதிப்பில்லை என்று எண்ணிவிட வேண்டாம்; அவரிடம் காலியிடம் இல்லாமல் இருக்கலாம்.

ஓய்வு பெறும் ஆண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்கக் கூடாது என்பது விதி. ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு அவர் ஓய்வு பெறும் நாள் வரை நெறியாளராக இருக்கலாம். அதன் பிறகு 70 வயது வரை இணை நெறியாளராகத் தொடரலாம். ஆய்வுக்கான குறைந்தபட்சக் காலம் கோர்ஸ்வொர்க் எனப்படும் தொடக்கப் பாடங்கள் உட்பட மூன்று ஆண்டுகள், பொதுவான உச்ச வரம்பு ஆறு ஆண்டுகள் என்பதால், மூன்றரை ஆண்டு பணி மீதமுள்ள ஒருவரிடம் சேர்ந்தால் பாதி வழியில் இன்னொருவர் நெறியாளர் பொறுப்பை ஏற்கும் வாய்ப்பு மிகுதி. அது தவறான தேர்வு என்று சொல்லவில்லை. அந்த இன்னொருவர் யாராக இருப்பார் என்பதைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும் என்கிறேன்.

கல்விப் பின்னணியைப் படிக்கும் முறை

ஒரு பேராசிரியரின் பட்டங்களைப் பார்க்கும்போது பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், அவர் எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு வந்தார், முனைவர் பட்டத்துக்குப் பின் எதை விட்டுவிட்டு எதை எடுத்துக்கொண்டார் என்ற நகர்வு. இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரன் 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தது மின்பொறியியல் துறையில்தான், அங்கிருந்து சி. வி. ராமனின் இயற்பியல் துறைக்கு மாறி, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பி, 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், புரதங்களின் அமைப்பை ஆராயத் தொடங்கினார். கொலாஜன் புரதம் முப்புரிச் சுருளாக இருக்கிறது என்ற கருத்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் அங்கே செய்த ஆய்விலிருந்துதான் வந்தது. இப்படித் துறை மாறியவர்களிடம், வேறு பாடம் படித்துவிட்டு வரும் மாணவர்மீது பொறுமை இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரே துறையில், ஒரே பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு முதல் பேராசிரியர் பதவி வரை வந்தவர்களிடம் வேறொரு வலிமை உண்டு: மூல நூல்கள், ஆவணக் காப்பகங்கள், நிர்வாக நடைமுறை எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. உங்கள் தலைப்புக்கு எது தேவை என்பதைப் பொறுத்தே இதில் முடிவெடுக்க வேண்டும்.

வெளியீடுகளின் எண்ணிக்கையைக் கண்டு மலைத்துவிட வேண்டியதில்லை. நெறியாளராக இருக்கப் பேராசிரியருக்கும் இணைப் பேராசிரியருக்கும் ஐந்து, உதவிப் பேராசிரியருக்கு மூன்று ஆய்வுக் கட்டுரைகளே விதி கேட்கும் குறைந்தபட்சத் தகுதி; அதற்கு மேல் எண்ணிக்கை பெருகுவது தரத்துக்குச் சான்றாகாது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்கள் மலிந்துவிட்ட காலம் இது. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் குறித்துவந்த யூஜிசியின் கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டதால், இதழைச் சீர்தூக்கிப் பார்க்கும் பொறுப்பு இப்போது நம்முடையது. அவருடைய கட்டுரைகளில் மூன்றை எடுத்து முழுமையாகப் படியுங்கள்: பழையது ஒன்று, இடைக்காலத்தது ஒன்று, கடந்த ஓரிரு ஆண்டுகளில் வந்தது ஒன்று. மூன்றிலும் ஒரே தரவும் ஒரே முடிவும் வெவ்வேறு தலைப்புகளில் வருகின்றன என்றால் அவர் ஆய்வு செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

ஷோத்கங்காவில் தேடுங்கள்

காந்திநகரில் இயங்கும் இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலரும் தலைப்பைத் தட்டச்சு செய்து தேடுவதோடு நின்றுவிடுகிறார்கள். நெறியாளரின் பெயரைக் கொண்டும் அங்கே தேடலாம். நம்மூர்ப் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறி வரும், ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள் என்பதால், ஒரு வடிவத்தில் தேடி ஒன்றும் வரவில்லையென்று விட்டுவிடாமல் எல்லா வடிவங்களையும் இட்டுப் பாருங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் ஒவ்வொன்றாக வரும்.

தலைப்புகளை வரிசையாக எழுதிவைத்துப் படித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்கும் தலைப்புகள் அடுத்தடுத்து வந்தால், அங்கே ஓர் அச்சு வைத்திருக்கிறார்கள் என்று பொருள். உங்களுக்கும் அடுத்த மாவட்டம்தான் கிடைக்கும். மாறாக, ஒவ்வொரு தலைப்பும் வேறாக இருந்து, அடியில் ஒரு பொதுவான கேள்வி ஓடினால், அவர் மாணவரின் ஆர்வத்துக்கு இடம் கொடுத்துத் தம் அக்கறையையும் விடாமல் வைத்திருப்பவர். தலைப்புகளுக்குள் எந்தத் தொடர்பும் இல்லையென்றால், வருகிறவர்கள் கொண்டுவருவதற்கெல்லாம் அவர் கையெழுத்து மட்டும் போடுகிறாரோ என்று ஐயுற இடமுண்டு.

அடுத்து, பதிவு செய்த நாளும் பட்டம் வழங்கிய நாளும். பல ஆய்வேடுகளின் விவரக் குறிப்பிலோ முகப்புப் பக்கங்களிலோ இவை கிடைக்கும். ஒரு மாணவருக்கு எட்டு ஆண்டுகள் ஆனதற்கு மகப்பேறு, வேலை, உடல்நலம் என்று ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். வரிசையாக எல்லோருக்கும் அப்படியே ஆகியிருந்தால் காரணம் மாணவர்களிடம் இல்லை.

நன்றியுரையை ஒருபோதும் தாண்டிச் செல்லாதீர்கள். நெறியாளரைப் புகழாத நன்றியுரை உலகில் இல்லை என்பது உண்மைதான், ஆனால் புகழ்ச்சியின் தன்மை ஆளுக்கு ஆள் மாறும். ‘கருணைக் கடல்’, ‘கண்கண்ட தெய்வம்’ என்று நிரப்பிய பக்கத்திலிருந்து நமக்கு ஒன்றும் தெரியவராது. ‘மூன்றாம் இயலை இருமுறை திருப்பி அனுப்பினார்’, ‘கள ஆய்வுக்கு என்னுடன் வந்தார்’, ‘தம் சொந்த நூலகத்தைத் திறந்துவிட்டார்’ என்பன போன்ற வரிகள் நடந்ததைச் சொல்கின்றன. நன்றியுரையில் நெறியாளருக்கு ஒரு வரியும், அதே துறையின் வேறொரு ஆசிரியருக்கு ஒரு பத்தியும் இருந்தால், உண்மையில் வழிகாட்டியவர் யார் என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்த வேறொருவரின் பெயரையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், ஆய்வேட்டிலிருந்து அவர்கள் பெயரில் கட்டுரையோ நூலோ வந்ததா என்பது அடுத்த தேடல். அறிவியல் துறைகளில் கட்டுரையின் முதல் ஆசிரியராக மாணவரின் பெயர் இருப்பது வழக்கம். கணிதத்தில் பெரும்பாலும் அகர வரிசைதான் என்பதால் அங்கே வரிசையைக் கொண்டு எதையும் கணிக்க முடியாது. தமிழ், வரலாறு போன்ற துறைகளில் மாணவர் தனியாகவே எழுதியிருக்க வேண்டும். மாணவரின் களப்பணியில் பிறந்த கட்டுரை நெறியாளரின் பெயரில் மட்டும் வந்திருந்தால் அந்த அறைப் பக்கம் போகாதீர்கள். புரத அமைப்பில் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று உலகம் ஒருவர் பெயரால் அழைப்பதற்கு அடிப்படையான 1963ஆம் ஆண்டுக் கட்டுரையில், ராமச்சந்திரனுடன் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவர் பெயரும் இருக்கின்றன. புகழ் யாருக்குச் சேரும் என்பது நெறியாளரின் கையில் இல்லை, கட்டுரையில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

தனிப்பட்ட ஈடுபாடுகள்

பேராசிரியரின் இசை, பயணம், பறவை பார்த்தல் போன்ற ஈடுபாடுகளைத் தெரிந்துகொள்வதால் பயன் உண்டா என்று கேட்டால், ஓரளவு உண்டு. சில நேரம் அந்த ஈடுபாடே ஆய்வாகிவிடும்: ராமன் மிருதங்கத்தின் மேல்சுரங்கள் இசையொழுங்குடன் அமைவதைப் பற்றி 1920லேயே எழுதியவர். சில நேரம் அது ஆய்வுக்குப் பக்கத்தில் தனியாக ஓடும்: கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி கர்நாடக இசையில் தேர்ந்த பயிற்சி உள்ளவராக இருந்தார். எப்படியிருந்தாலும், ஒன்றை ஆண்டுக்கணக்கில் விடாமல் பயில்பவருக்குப் பயிற்சி என்பது என்ன என்று தெரியும், தொடக்கநிலை மாணவரின் தடுமாற்றத்தைப் பார்த்து எரிச்சல்படுவது குறைவாக இருக்கும். ஆனால் இதை அறிமுகக் கடிதத்தில் எடுத்துப் பேசுவது தவறு. ‘தங்களுக்கு வீணை பிடிக்கும் என்று அறிந்தேன்’ என்று தொடங்கும் கடிதம் காக்கா பிடிக்கிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

சேஷாத்ரியைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னை லயோலா கல்லூரியில் அவருக்கும் எம். எஸ். நரசிம்மனுக்கும் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல் ரசீன், பாரிஸில் முனைவர் பட்டம் பெற்றவர். நவீன கணிதம் எங்கே நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திறமையான மாணவர்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். இருவரும் 1953இல் அங்கே சேர்ந்தார்கள். 1965இல் வந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. ‘உன் தலைப்புக்கு நான் பொருத்தமில்லை, இன்னாரைப் போய்ப் பார்’ என்று ஒரு பேராசிரியர் உங்களிடம் சொன்னால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் அந்த இன்னாரைப் போய்ப் பாருங்கள்.

அவருடைய ஸ்காலர்களிடம் கேட்க வேண்டியவை

இப்போது அவரிடம் ஆய்வு செய்பவர்களில் இருவரையாவது தனித்தனியாக, துறை வளாகத்துக்கு வெளியே, டீக்கடையிலோ தொலைபேசியிலோ பேசுங்கள். ‘சார் எப்படி?’, ‘மேடம் நல்லவங்களா?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லவங்க’ என்ற விடைதான் வரும். எழுதிக் கொடுத்த இயல் எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது, அதில் திருத்தம் எழுத்துப் பிழைகளோடு நிற்கிறதா, வாதத்தைத் தொடுகிறதா, உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க எத்தனை நாள் அலைய வேண்டும், கருத்தரங்குக்குப் போக விடுகிறாரா, ஆய்வுக்குத் தொடர்பில்லாத வேலைகள் எவ்வளவு என்று கேளுங்கள். வங்கிக்குப் போய்வருவது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது என்று ஸ்காலர்களை ஏவும் வழக்கம் சில துறைகளில் இயல்பாகவே ஆகிவிட்டது. வைவா (வாய்மொழித் தேர்வு) நடத்த என்று கணக்கில்லாப் பணம் கேட்பதும் சில இடங்களில் உண்டு. ஆய்வு முடித்து வெளியேறியவர்கள் இவற்றைத் தயங்காமல் சொல்வார்கள். பாதியில் விட்டுப் போனவர் ஒருவர் கிடைத்தால் அவரிடமும் பேசுங்கள். ஆனால் அவர் சொல்வதை இன்னொருவர் சொல்லோடு ஒப்பிடாமல் முடிவுக்கு வர வேண்டாம்.

எழுதுவதும் சந்திப்பதும்

முதல் மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். ஒரே கடிதத்தைப் பதினைந்து பேருக்கு அனுப்புவது வீண். அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த கேள்வி எது, அதைத் தொடர நீங்கள் என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்பதே கடிதத்தின் உடல். ஒரு மாதிரி: ‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். காவிரிப் பாசனத்தில் மடை உரிமைகள் குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் ஊர்ப் பங்கீட்டு முறை தளர்ந்ததாகத் தாங்கள் குறிப்பிடுகிறீர்கள். கடைமடை ஊர்களிலும் அப்படித்தான் நடந்ததா என்பதை ஊராட்சிப் பதிவுகளைக் கொண்டு பார்க்க விரும்புகிறேன். தாங்கள் இவ்வாண்டு புதிய ஆய்வாளர்களை ஏற்பதாக இருந்தால், நேரில் வந்து பேச அனுமதி வேண்டுகிறேன்.’ இதற்குமேல் புகழ்ச்சி வேண்டாம். இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்.

நேரில் சந்திக்கும்போது நம்மவர்களுக்கு உள்ள பெரிய தடை, பெரியவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம். அவர் உங்களை நேர்காணல் செய்வதுபோல் நீங்கள் அவரைச் செய்ய முடியாதுதான். பணிவாகக் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கவே செய்கின்றன. மாதம் எத்தனை முறை வந்து பார்க்கலாம், முதல் ஆண்டில் எதை முடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார், ஆய்வு ஆலோசனைக் குழுவில் யாரைச் சேர்க்க நினைக்கிறார், தலைப்பை இடையில் மாற்ற நேர்ந்தால் அவருக்கு ஒப்புதலா என்று கேளுங்கள். அவர் விடையளிக்கும்போது உங்கள் தலைப்பைப் பற்றிப் பேசுகிறாரா, தம் பதவிகளைப் பற்றியே பேசுகிறாரா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பல துறைகளில் நெறியாளரை மாணவர் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. நேர்காணலுக்குப் பின் துறையே ஒதுக்கீடு செய்யும். அப்படிப்பட்ட இடத்திலும் மேற்சொன்ன தேடல் வீணாகாது, ஏனெனில் நேர்காணலில் ‘யாரிடம் செய்ய விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்வி வந்தால் பெயரோடு காரணத்தையும் சொல்லத் தெரிந்தவரின் விருப்பத்தைக் குழு எளிதில் ஒதுக்கிவிடாது. ஒதுக்கப்பட்டவர் உங்கள் தலைப்புக்கு முழுவதும் பொருந்தவில்லையென்றால், பதிவின்போதே வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ இணை நெறியாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள விண்ணப்பியுங்கள். பின்னால் கேட்டால் குழுவின் ஒப்புதல், கடிதம், கட்டணம் என்று ஒரு பருவமே அதற்குப் போய்விடும்.